மங்கிய மையும் தேய்ந்த எழுத்தும்: எளிய கருவிகளால் படமெடுத்து மீட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஏடுகள், நாணயங்கள், கல்வெட்டுகள் ஆகியவற்றில் மறைந்துபோன எழுத்தைக் குறைந்த செலவில் படமெடுத்து மீட்பது பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட ஐயங்களை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு விடையில் சொன்னதை மற்றொன்றில் மறுபடி சொல்லாமல் எண்ணைச் சுட்டியிருப்பதால், முதன்முறை படிப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. கண்ணுக்கே தெரியாத எழுத்து கேமராவுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

எழுத்து மறைந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் மை முழுவதும் போயிருப்பதில்லை. மைக்கும் தாளுக்கும் உள்ள வேறுபாடு, நம் கண் பிரித்தறியும் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கும், அவ்வளவுதான். மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களையே காண்கிறது. கேமராவிலுள்ள சிலிக்கான் சென்சாரோ ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் வரை உணரக்கூடியது. பழுப்பேறிய தாளும் பழுப்பு மையும் பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், வேறோர் அலைநீளத்தில் ஒன்று ஒளியை விழுங்கும், மற்றொன்று திருப்பியனுப்பும். அந்த அலைநீளத்தைக் கண்டுபிடிப்பதே வேலையில் பாதி.

பொறித்த எழுத்தின் கதை வேறு. கல்லிலும் உலோகத்திலும் எழுத்தும் பின்புலமும் ஒரே பொருள் என்பதால் நிறம் அங்கே உதவாது. மிச்சமிருக்கும் மேடுபள்ளத்தை நிழலைக் கொண்டுதான் பிடிக்க வேண்டும். ஆகவே எந்தப் பொருளை எடுத்தாலும், எழுதப்பட்டதா பொறிக்கப்பட்டதா என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பின்வரும் முறைகள் எல்லாம் அதிலிருந்தே பிரிகின்றன.

2. இதெல்லாம் பெரிய அருங்காட்சியகம் செய்கிற வேலை அல்லவா? நம்மால் ஆகுமா?

அப்படி ஒரு காலம் இருந்தது. ஆர்க்கிமிடீஸின் நூல்கள் 10-ஆம் நூற்றாண்டில் தோலேட்டில் படியெடுக்கப்பட்டன. 1229-இல் அந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன் மேல் வழிபாட்டு நூலொன்றை எழுதினார்கள். பால்டிமோரிலுள்ள வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் 1999-இல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் அறிஞர்களும் பொறியாளர்களும் கூடி உழைத்தே அதன் அடியெழுத்தை மீட்டனர்.

2020-இல் ராச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர்கள், முதலாண்டு வகுப்புப் பணியாகத் தாங்களே கட்டத் தொடங்கிய ஒரு படமெடுப்பு அமைப்பின்கீழ் 15-ஆம் நூற்றாண்டுத் தோலேடு ஒன்றை வைத்தபோது, புற ஊதா ஒளியில் அதன் அடியில் வேறொரு கையெழுத்து தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் மாறியது மூன்று: குறிப்பிட்ட ஒரே அலைநீளத்தை உமிழும் எல்இடி விளக்குகள் மலிந்தன, சென்சார்கள் மேம்பட்டன, கணக்கிடும் மென்பொருள்கள் இலவசமாயின.

3. என்னிடம் ஒரு கைபேசியும் ஒரு டார்ச்சும்தான் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?

படுக்கை ஒளியிலிருந்து. அறையை இருட்டாக்கி, பொருளைத் தட்டையாக வைத்து, கைபேசியை அதற்கு நேர் மேலே அசையாதபடி தாங்கியில் பொருத்துங்கள். அதன் பிளாஷை அணைத்து, குவியத்தையும் ஒளியளவையும் கைமுறையில் பூட்டிவிடுங்கள். பிறகு டார்ச்சைப் பொருளின் பரப்பையொட்டி, ஏறத்தாழ 5 முதல் 15 பாகைக் கோணத்தில் பிடித்து, கடிகார முள் போலச் சுற்றிவந்து, ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுங்கள்.

ஒரே திசையில் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் தொடங்குபவர் எல்லாரும் செய்யும் பிழை. 'ட' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு நின்ற கோடும் ஒரு கிடந்த கோடும் மட்டுமே உண்டு. இடப்பக்கத்திலிருந்து வரும் ஒளி நின்ற கோட்டுக்கு நல்ல நிழல் தரும். கிடந்த கோட்டின் நெடுகிலும் ஓடி அதை இல்லாமலே ஆக்கிவிடும். 'ப' என்பதோ இரண்டு தனிக்கோடுகளாக நிற்கும். தேய்ந்த கல்வெட்டொன்றில் இல்லாத எழுத்தைப் படித்துவிட்டுப் பின்னர் வருந்தியவர்களில் நானும் ஒருவன். படத்தின் மீது தவறில்லை, ஒளி வந்த திசையை நான் கணக்கில் எடுக்கவில்லை.

4. அப்படியானால் நாலு திசையில் நாலு படம் போதாதா? ஆர்டிஐக்கு ஏன் ஐம்பது படம் என்கிறார்கள்?

நாலு படம் நாலு நிழலைத் தரும். ஆர்டிஐ (ரிஃப்ளெக்டன்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் இமேஜிங் என்பதன் சுருக்கம்) தருவது, எந்தத் திசையிலிருந்தும் ஒளியை வீசிப் பார்க்கக்கூடிய ஒரே படம். எச்பி ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டரும் கூட்டாளிகளும் 2001-இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. கேமராவும் பொருளும் அசையாமலிருக்க, ஒளியை மட்டும் ஒரு கவிகையின் உட்பரப்பில் நகர்த்துவதுபோல் வெவ்வேறு உயரங்களிலும் திசைகளிலும் வைத்து, பொதுவாக 40 முதல் 60 படங்கள் வரை எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு படப்புள்ளியின் ஒளிர்வும் ஒளியின் திசைக்கேற்ப எப்படி ஏறி இறங்குகிறது என்பதை மென்பொருள் கணக்கிடுகிறது. பரப்பு அந்த இடத்தில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அதிலிருந்து கிடைத்துவிடும்.

சாய்வு தெரிந்தபின் நிறத்தை முழுவதும் நீக்கிவிட்டுப் பரப்பை மட்டும் பளபளப்பான உலோகம்போலக் காட்டச் சொல்லலாம். கறை படிந்த பொருளில் இது பெரும் உதவி, ஏனெனில் கறைக்கு நிறம் உண்டே தவிர ஆழம் இல்லை. கிரேக்கத் தீவொன்றின் அருகே கடலடியில் மூழ்கிய கப்பலிலிருந்து 1901-இல் கிடைத்த, ஆன்டிகித்தெரா பொறி எனப்படும் பழங்கால வானியல் கருவியின் அரித்துப்போன வெண்கலப் பரப்பை 2005-இல் இம்முறையில்தான் படமெடுத்தார்கள். மேற்பரப்பிலிருந்த சிற்றெழுத்துகள் அதில் தெளிந்தன.

5. ஆர்டிஐ எடுக்கும்போது பக்கத்தில் வைக்கிறார்களே, அந்தக் கறுப்புப் பந்து எதற்கு? அது இல்லாமல் செய்ய முடியாதா?

ஒவ்வொரு படத்திலும் ஒளி எங்கிருந்து வந்தது என்பதை மென்பொருளுக்குச் சொல்வதற்கு. பளபளப்பான கறுப்புப் பந்தொன்றைப் பொருளின் பக்கத்தில், சட்டத்துக்குள் விழும்படி வைத்தால், அதன் மேல் விழும் வெள்ளைப் பொட்டின் இடத்தைக் கொண்டு ஒளியின் திசை கணக்கிடப்படும். விளக்குகளை நிலையாகப் பொருத்திய கவிகை உங்களிடம் இருந்தால், திசைகள் முன்பே தெரிந்தவை என்பதால், ஒவ்வொரு முறையும் பந்து தேவையில்லை. ஒரு நூலை அளந்து வெட்டி விளக்கில் கட்டி, ஒவ்வொரு முறையும் அதன் நுனியைப் பொருளின் நடுவரை இழுத்துப் பார்த்து, பின்பு நூலை விலக்கிவிட்டுப் படமெடுங்கள். தூரம் மாறாமலிருக்க இதைவிட மலிவான வழி இல்லை. நூலின் நீளம் பொருளின் மூலைவிட்டத்தைப்போல் மூன்று, நான்கு மடங்கு இருக்கட்டும்.

ஒருமுறை ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து முடித்து, கணக்கீடு மீண்டும் மீண்டும் பிழை காட்டியபின் பந்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் என் விளக்கின் பொட்டுக்குப் பக்கத்தில், திரை விலகியிருந்த சன்னலின் பொட்டும் குட்டியாக உட்கார்ந்திருந்தது. அன்றைய வேலை முழுவதும் வீண். அதிலிருந்து முதல் படத்தை எடுத்தவுடன் பந்தை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

6. அகச்சிவப்பா, புற ஊதாவா, எது நல்லது?

மையைப் பொறுத்தது. புகைக்கரியைக் குழைத்துச் செய்த கரி மை, அகச்சிவப்பிலும் ஒளியை விழுங்கிக் கறுப்பாகவே நிற்கும். அழுக்கு, பழுப்பு, பலவகைச் சாயங்கள் ஆகியன அகச்சிவப்பில் மங்கி விலகிவிடும். எனவே கறுத்துப்போன பரப்பின் மேல் கரி மை இருந்தால் அகச்சிவப்பே முதல் தேர்வு. இரும்பு உப்பையும் மாசிக்காய்ச் சாற்றையும் சேர்த்துச் செய்த மை இதற்கு நேரெதிர்: அலைநீளம் கூடக் கூட அது மங்கி, 1,000 நானோமீட்டரை ஒட்டி ஏறத்தாழக் காணாமற்போகும். அதை அகச்சிவப்பில் தேடுபவர் இருக்கும் எழுத்தையும் இழப்பார்.

மாசிக்காய் மைக்குப் புற ஊதா. தோலேடு புற ஊதா ஒளி பட்டால் தானே நீலவெண்மையாக ஒளிரும். மை தங்கிய இடம், அது சுரண்டப்பட்டிருந்தாலும்கூட, ஒளிராமல் இருண்டு நிற்கும். எழுத்தைத் தேடுவது மட்டும் இதன் பயனன்று: 1950-களுக்குப் பின் தாளில் பரவலாகச் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டிகள் புற ஊதாவில் பளீரென ஒளிர்வதால், பழைய ஏட்டில் பிற்காலத்தில் ஒட்டிய தாள் ஒரு பார்வையிலேயே பிடிபட்டுவிடும்.

ஓலைச்சுவடி இரண்டு குடும்பத்திலும் கால் வைத்திருக்கிறது. எழுத்து எழுத்தாணியால் கீறப்பட்டு, கீறலில் கரி தேய்க்கப்பட்டிருப்பதால், கரி தங்கியிருக்கும் வரை அகச்சிவப்பு போதும். கரி உதிர்ந்த ஓலைக்கு 3, 4-ஆம் விடைகளில் சொன்ன முறைகளே கைகொடுக்கும்.

7. புற ஊதா டார்ச் வாங்கினேன். அடித்தால் எல்லாமே ஊதாவாகத் தெரிகிறது, எழுத்து ஒன்றும் தெரியவில்லையே?

உங்கள் டார்ச் பெரும்பாலும் 395 நானோமீட்டரில் உமிழ்வதாக இருக்கும். அந்த வகை, கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளியையும் தாராளமாகக் கொட்டுவதால், தாளிலிருந்து வரும் மெல்லிய ஒளிர்வு அதில் மூழ்கிவிடுகிறது. 365 நானோமீட்டர் டார்ச் வாங்கி, அதன் முகப்பில் புற ஊதாவை மட்டும் விடும் கருங்கண்ணாடி ஃபில்டரையும், லென்ஸின் முன் புற ஊதாவைத் தடுக்கும் ஃபில்டரையும் வைத்துப் பாருங்கள். இருட்டறையில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, பல வினாடிகள் திறந்துவைத்து எடுக்க வேண்டியிருக்கும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியை அணியாமல் இதைச் செய்யாதீர்கள். கிருமிநீக்கத்துக்கு விற்கப்படும் குறுகிய அலைநீளப் புற ஊதா விளக்கை எக்காரணம் கொண்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

8. கேமராவுக்குள் இருக்கும் அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டரை நானே கழற்றிவிடலாமா?

பழைய, இழந்தாலும் பரவாயில்லை என்ற கேமராவானால் முயலலாம். ஆனால் பிளாஷ் உள்ள கேமராக்களில் மின்தேக்கி, மின்கலத்தைக் கழற்றிய பின்னும் வலுவான அதிர்ச்சி தரக்கூடியது என்பதை மறந்துவிட வேண்டாம். அந்தத் தொல்லை வேண்டாதவர்களுக்கு, ராஸ்பெர்ரி பை சிறுகணினிக்கென அந்த ஃபில்டர் இல்லாமலே விற்கப்படும் நோஐஆர் கேமரா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும் ஃபில்டர் ஒன்றையும், 850 அல்லது 940 நானோமீட்டர் எல்இடியையும் சேர்த்தால் அமைப்பு முடிந்தது. அகச்சிவப்பு குவியும் தூரம் சற்று மாறும் என்பதால் குவியத்தைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும்.

கைபேசி கேமரா அகச்சிவப்பை எவ்வளவு உணர்கிறது என்று பார்க்க, தொலைக்காட்சி ரிமோட்டை அதன் முன் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். முனையில் ஒளிப்புள்ளி தெரிந்தால் கொஞ்சமாவது உணர்கிறது. பல கைபேசிகளில் முன்பக்கக் கேமராவில் மட்டும் தெரியும்.

9. பல அலைநீளப் படமெடுப்பு என்பது இவை எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வதுதானா?

ஆம், ஆனால் சேர்ப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கேமராவையும் பொருளையும் தொடாமல், புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை பத்துப் பன்னிரண்டு எல்இடிகளை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு படம் எடுக்கிறோம். பிறகு அதே விளக்குகளின்கீழ் ஒரு வெறும் வெள்ளை அட்டையையும் எடுத்து, பொருளின் படத்தை அட்டையின் படத்தால் வகுத்துவிட்டால், ஒளி ஒரு மூலையில் கூடியும் மறு மூலையில் குறைந்தும் விழுந்த பிழை நீங்கும். இந்த வெள்ளை அட்டைப் படியைச் சோம்பலால் விட்டுவிடுபவர்கள் அனேகர். பின்னால் வரும் ஒவ்வொரு கணக்கும் அதன் மேல்தான் நிற்கிறது.

2-ஆம் விடையில் சொன்ன ஆர்க்கிமிடீஸ் ஏட்டில் கையாளப்பட்ட ஒரு வழியை எவரும் வீட்டுக் கணினியில் செய்து பார்க்கலாம். சிவப்பு ஒளியில் சுரண்டப்பட்ட அடியெழுத்து ஏறத்தாழ மறைந்து, மேலெழுத்து மட்டும் கறுப்பாக நிற்கிறது. புற ஊதாவில் இரண்டுமே இருண்டு தெரிகின்றன. முதல் படத்தை ஒரு வண்ணப்படத்தின் சிவப்பு அடுக்கிலும், இரண்டாவதைப் பச்சை, நீல அடுக்குகளிலும் வையுங்கள். மேலெழுத்து மூன்று அடுக்கிலும் இருண்டதால் கறுப்பாகும். வெறும் தோல் மூன்றிலும் வெளிறியதால் வெளிறியே இருக்கும். அடியெழுத்து சிவப்பு அடுக்கில் மட்டும் வெளிறியிருப்பதால் செக்கச்செவேலெனப் பக்கத்திலிருந்து எழுந்து வரும்.

இரு மைகளின் இயல்பு எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவுக்கு வேலை எளிது. 1871-இல் ஆப்பிரிக்காவில் தாளும் மையும் தீர்ந்துபோன ஆய்வுப்பயணி டேவிட் லிவிங்ஸ்டன், பழைய செய்தித்தாளின் அச்சுவரிகளுக்குக் குறுக்கே, பழச்சாற்றால் செய்த மையைக் கொண்டு நாட்குறிப்பு எழுதினார். மங்கிப்போன அந்த எழுத்தை அச்சு வரிகளிலிருந்து பிரித்துப் படிக்க முடிந்தது பல அலைநீளப் படங்களால்தான். கரி கலந்த அச்சு மையும் பழச்சாறும் ஒளியிடம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

10. சாதாரண வண்ணப் படம்தான் இருக்கிறது, பொருள் இப்போது கையில் இல்லை. ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். பாறை ஓவியங்களுக்காக ஜான் ஹார்மன் 2005-இல் எழுதிய டிஸ்ட்ரெச் என்ற செருகுநிரல், இலவச மென்பொருளான இமேஜ்ஜேயில் இயங்குகிறது. செயற்கைக்கோள் படங்களுக்காக உருவான ஒரு கணக்கு இது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் நிறங்கள் மங்கலாகத் தெரிகின்றன; அந்தப் பிணைப்பை அவிழ்த்து, எஞ்சிய சிறு வேறுபாட்டை இழுத்து நீட்டுகிறது. காவிக்கல் சிவப்பில் வரைந்து மங்கிய உருவங்கள் இதில் வியக்கத்தக்க வகையில் எழுந்து வரும்.

விளைவில் தெரியும் நிறங்கள் உண்மை நிறங்கள் அல்ல. பாறையில் இயற்கையாகப் படிந்த இரும்புக் கறையும் ஓவியம்போலவே பளிச்சிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

11. ஜேபெக் படம் போதாதா, ரா கோப்பு கட்டாயமா?

10-ஆம் விடையில் சொன்னதுபோல் நாம் நீட்டுவது மிகச் சிறு வேறுபாட்டை. ஜேபெக் சுருக்கம் முதலில் தூக்கியெறிவதும் அதையேதான். நீட்டிப் பார்த்தால் எழுத்துக்குப் பதிலாக 8-க்கு 8 புள்ளிச் சதுரங்கள் தெரியும். எனவே சென்சார் பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு கட்டாயம். ஏற்கெனவே இருக்கும் படம் ஜேபெக் மட்டுமே என்றால் முயன்று பாருங்கள், எதிர்பார்ப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

12. வீட்டில் ஸ்கேனர் இருக்கிறது. அது பயன்படுமா?

உறுதியான, தட்டையான பொருளுக்குப் பயன்படும். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமிருந்தே விழுவதால், தாளை 90 பாகை திருப்பி மறுபடி எடுத்தால் அழுத்தி எழுதிய தடங்களின் நிழல் மாறும். அது ஒருவகைப் படுக்கை ஒளியே. நொறுங்கும் ஏட்டையும் நிறம் உதிரும் ஓவியத்தையும் கண்ணாடி மேல் கவிழ்க்கவே கூடாது.

13. மங்கலான படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டால் தெளிவாகிவிடுகிறதே. இத்தனை பாடு எதற்கு?

தெளிவாகிறது என்பது உண்மை. அந்தத் தெளிவு உங்கள் பொருளிலிருந்து வந்ததா என்பதே கேள்வி. அத்தகைய செயலி முன்பு கண்ட ஆயிரமாயிரம் படங்களைக் கொண்டு, இந்த இடத்தில் என்ன இருந்திருக்கலாம் என்று ஊகித்து நிரப்புகிறது. பிறந்தநாள் படத்துக்கு அது போதும். பாதி தேய்ந்த எழுத்தின் இடத்தில் அது ஒரு முழு எழுத்தை வரைந்து வைத்தால், ஆவணம் பேசுவது நின்று செயலி பேசத் தொடங்கிவிடும். 9, 10-ஆம் விடைகளில் உள்ள கணக்குகள் இருக்கும் எண்களைப் பெருக்கியும் வகுத்தும் காட்டுபவை. அதே கோப்பில் அதே கணக்கை வேறொருவர் போட்டால் அதே விளைவு வரும். கைபேசிகளும் கேட்காமலே படத்தைக் கூர்மையாக்குகின்றன என்பதால், அங்கும் ரா வடிவமே பாதுகாப்பு.

14. இவ்வளவு ஒளியைப் பாய்ச்சினால் பொருள் கெடாதா?

ஒளி சேதம் செய்யும், குறிப்பாகப் புற ஊதா. ஆகவே குவியத்தைச் சாதாரண ஒளியில் முன்பே சரிசெய்துவிட்டு, படமெடுக்கும் வினாடிகளுக்கு மட்டும் புற ஊதாவை ஏற்றி அணைக்க வேண்டும். சூடேறும் இழை விளக்குகளைத் தவிர்க்க வேண்டும்.

ஆனாலும் தொடுவதால் வரும் கேட்டோடு ஒப்பிட்டால் இது சிறிது. 19-ஆம் நூற்றாண்டில் ஆஞ்சலோ மாய் போன்ற அறிஞர்கள் சுரண்டப்பட்ட தோலேடுகளில் மாசிக்காய்ச் சாற்றைத் தடவிப் படித்தார்கள். எழுத்து அப்போது தெரிந்தது, பின்னர் தோல் கறுத்துப்போய் அடுத்து வந்தவர்கள் படிக்க முடியாமலாயிற்று. கல்வெட்டின் மேல் சுண்ணக்கட்டியும் எண்ணெயும் மாவும் தடவுவது இதே பிழையின் இன்றைய வடிவம். அதற்கு ஈடாக டார்ச்சும் முக்காலியும் இருக்கின்றன.

15. பெரிய கல்லாக இருந்தால் கவிகை, பந்து எல்லாம் எப்படி?

ஒளியைக் கட்டுப்படுத்த முடியாத திறந்தவெளியில், பல கோணப் படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி கட்டுவது எளிது. அடுத்தடுத்த படங்கள் குறைந்தது 60 விழுக்காடாவது ஒன்றன்மேல் ஒன்று படியும்படி, மேகமூட்டமான வேளையில், கல்லைச் சுற்றி நகர்ந்து எடுங்கள். மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருள் அவற்றிலிருந்து மாதிரியைக் கட்டித்தரும். மெஷ்லேப் என்ற மற்றோர் இலவச மென்பொருளில் நிறத்தை அணைத்து, பள்ளங்களை மட்டும் இருட்டாக்கிக் காட்டலாம். மில்லிமீட்டரில் ஒரு பகுதியே ஆழமுள்ள கீறலுக்கு மட்டும், அந்தச் சிறு பகுதியை இருட்டியபின் 4-ஆம் விடையின்படி தனியே எடுப்பது மேல்.

16. எல்லாம் செய்து பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. என்ன தவறு?

தவறு இல்லாமலும் இருக்கலாம். ஆர்க்கிமிடீஸ் ஏட்டின் சில பக்கங்களை 20-ஆம் நூற்றாண்டில் யாரோ பொன் கலந்த போலி ஓவியங்களால் மூடிவிட்டதால், அவற்றின் அடியில் எந்த ஒளியும் செல்லவில்லை. ஸ்டான்போர்டிலுள்ள சின்க்ரோட்ரான் என்னும் துகள்முடுக்கியின் எக்ஸ் கதிரைக் கொண்டு மையிலிருந்த இரும்பின் தடத்தைத் தேடியே அவற்றைப் படிக்க வேண்டியிருந்தது. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை கரியாக்கிய ஹெர்குலேனியம் சுருள்களைப் பிரிக்காமல் படிப்பதும் எக்ஸ் கதிர் வெட்டுப்படத்தின் வேலை. மூடிய சுருளும் கனத்த வண்ணப்பூச்சும் எளிய கருவிகளுக்கு எல்லைக்கோடு.

அந்த எல்லைக்கு இப்பால் இருந்தும் தெரியவில்லை என்றால், மையைத் தவறாக ஊகித்திருக்கிறீர்களா என்று 6-ஆம் விடையையும், வெள்ளை அட்டைப் படியை விட்டுவிட்டீர்களா என்று 9-ஆம் விடையையும் மறுபடி பாருங்கள். என்னிடம் வரும் படங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றில்தான் சறுக்கியிருக்கின்றன.

17. நான் படித்தது சரிதான் என்று மற்றவர் எப்படி நம்புவார்?

நீங்கள் படித்ததைச் சொல்லாமல், திருத்தாத படங்களை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்துத் தனியே படிக்கச் சொல்லுங்கள். இருவரும் ஒத்துப்போகும் எழுத்தை அப்படியே எழுதலாம். ஐயமுள்ள எழுத்தின்கீழ் புள்ளியிடுவதும், அழிந்ததை ஊகித்து நிரப்பினால் சதுர அடைப்புக்குள் வைப்பதும் 1931-இல் லைடனில் வகுக்கப்பட்டு இன்றும் கல்வெட்டாய்வாளர்கள் கைக்கொள்ளும் மரபு.

படங்களோடு ஒளியின் அலைநீளம், திசை, ஃபில்டர், ஒளியேற்ற நேரம், போட்ட கணக்கு ஆகியவற்றை எழுதி வையுங்கள். சட்டத்துக்குள் ஓர் அளவுகோல் இருக்கட்டும். ஆர்க்கிமிடீஸ் ஏட்டின் படங்கள் 2008-இல் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் வெளியிடப்பட்டன. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையில் பொருள் ஏதுமில்லை என்பவர்கள், 9-ஆம் விடையிலுள்ள வண்ண அடுக்குக் கணக்கை அவற்றில் போட்டுப் பழகலாம்.